சுங்கச்சாவடி ரசீது

சிறுமலையில் கடைசி இரவு.
தட்டு கழுவும் தொட்டியருகே
முழங்கை வரை சோப்பு நுரையோடு நீனோ கேட்டாள்.
அவள் ஊர் ஜார்ஜியா.

ஒருத்தி காலை ஆறு மணிக்கு
அடியில் கிளம்பி மலை ஏறுகிறாள்.
வேறொரு நாள், அதே ஆறு மணிக்கு
உச்சியில் கிளம்பி அதே வழியில் இறங்குகிறாள்.
நடுவில் நிற்கலாம், ஓடலாம், தூங்கலாம்.
ஏதோ ஓர் இடத்தை
இரண்டு நாளும் ஒரே நேரத்தில் கடந்திருப்பாளா?

வேகம் எக்ஸ் என்க, என்று ஆரம்பித்தேன்.
மேலூர்ப் பள்ளியில் எதற்கும்
முதலில் அதைத்தான் வைப்போம்.

ஐபெக் பேசாமல் படிக்கட்டின் உச்சிக்குப் போனான்,
கையில் மிஞ்சிய ரசவாளி.
"நீ கீழேயிருந்து ஏறு. நான் இறங்குகிறேன்.
என்னைச் சந்திக்காமல் போ, பார்ப்போம்."
ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் மிளகுக்கொடி சுற்றிய பலா.
ரசம் என் சுடிதாரில் நிரூபணமானது.

இரண்டு நாளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்தால்
ஏறுகிறவளும் இறங்குகிறவளும்
எதிர்ப்பட்டே தீர வேண்டும்.
இருக்கிறது என்று சொல்லும் இந்தக் கணக்கு.
எங்கே என்று சொல்லாது.
எனக்குப் பிடிக்கவில்லை.
மண்டபத்தின் பெயர் போடாத
கல்யாணப் பத்திரிகை மாதிரி.

மூன்று வாரத்துக்கு முன் இதே வேனில் வந்தவள்
ஒரு கையில் எலுமிச்சம்பழமும்
மடியில் பாலித்தீன் பையுமாக வந்தாள்.
முதல் தேர்வில் ஏழுக்குப் பூஜ்யம்.
ஹனோயிலிருந்து வந்த லின்னும் பூஜ்யம்தான்.
அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில்
இன்னொரு வழி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அப்புறம் ஆறாம் கணக்கோடு பதினோரு நாள் கிடந்தோம்.
குரங்கு வந்து சாக்பீஸைக் கடித்துப் பார்த்துத் துப்பியது.
கணக்கு இன்னும் முடியவில்லை.
பிஷ்கெக்குக்குப் பாதி, மேலூருக்குப் பாதி
என்று பங்கு பிரித்துக்கொண்டோம்.

விடிந்தது. ஆறு மணிக்கு
வெள்ளைச்சாமி அண்ணன் வண்டியை எடுத்தார்.
பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொன்றிலும் ஜன்னலில் தலையை நீட்டினேன்,
இதோ, இந்த மஞ்சுக்குள்தான்
அவள் எதிரே வரப்போகிறாள் என்று.
பன்னிரண்டாம் வளைவாக இருந்தால் நன்றாயிருக்கும்.
அன்று அங்கேதான் வாந்தி எடுத்தேன்.
யாரும் வரவில்லை. ஒரு பால்வண்டி வந்தது.

திண்டுக்கல் வந்ததும் மறந்துபோனேன்.
நீனோ சிறுமலைப் பழம் உரித்து
ஆளாளுக்கு வாயில் திணித்தாள்.
ஐபெக் அவன் மொழியில் ஏதோ பாடினான்,
வாழைப்பழத்தைப் பற்றித்தான் என்று சத்தியம் செய்தான்.

கொடைரோடு டோல்கேட்.
ஃபாஸ்டேக் அன்றும் வேலை செய்யவில்லை, இன்றும்.
ரசீதில் நேரம் 7:31.
என் நோட்டில் பக்கத்துக்கு அடையாளமாகச் செருகியிருந்த
பழைய ரசீதில் 6:58.

இரண்டையும் தொடையில் வைத்துப் பார்த்தேன்.
தாண்டிவிட்டோம்.

அவள் இங்கே நின்ற நேரத்துக்கு
நான் இன்னும் வடக்கே இருந்திருக்கிறேன்.
இங்கிருந்து கிளம்பிய அவள் வேன்
சின்னாளபட்டி விலக்கில், சாயநூல் காயும் கொல்லைக்கு எதிரே,
டீக்கடையில் கால்மணி நேரத்துக்கு மேல் நின்றது.
எல்லாரும் இறங்கினார்கள்.
அவள் இறங்கவில்லை. இறங்கினால்
யாராவது ஏதாவது கேட்பார்கள், ஆங்கிலத்தில்.

ஏழு பதினெட்டு.
கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து
எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு
அவள் அங்கேயே உட்கார்ந்திருக்க
நான் வாய் நிறையப் பழத்தோடு
கடந்து வந்திருக்கிறேன்.

நீனோவை உலுக்கிச் சொன்னேன்.
கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:
"துல்லியமாகவா, தோராயமாகவா?"
தோராயம்தான்.
ரசீதில் விநாடி இல்லை.

அண்ணன் மீதிச் சில்லறையை
இரண்டாம் தடவை எண்ணிக்கொண்டிருந்தார்.
பின்னால் ஒரு லாரி ஹாரனில் கை வைத்து
எடுக்கவேயில்லை.